அப்பாவின் மூன்று பெட்டிகளை என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அப்பா இருபது ஆண்டுகளாகத் திரட்டிய குடும்ப வரலாறு மூன்று அட்டைப் பெட்டிகளில் கிடக்கிறது. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத் தாளைக் கழித்துவிடலாமா, அல்லது ஒழுங்காக அச்சடித்து வைக்க வேண்டுமா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், "என் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்பாவும் இல்லாமல், நீங்களும் இல்லாமல் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்தால், சந்தேகம் கேட்க ஆளில்லாத அவருக்கு என்ன விளங்கும்?

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நூலகத்தின் பைண்டிங் அறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாள், பசை, நூல், பூஞ்சை, இவைதான் என் தொழில். அவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். வம்சாவளி ஆராய்ச்சியில் நான் தேர்ந்தவன் இல்லை. சொந்தக் குடும்பத்துக்காகத் தோண்டியவன், சூடு கண்டவன். அந்தப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் இதுதான்: ஸ்கேன் செய்யுங்கள், அச்சும் எடுங்கள், பழைய தாளையும் வையுங்கள். ஊரில் பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. புதுப் படி எழுதிய பிறகு விட்டவர்களும் உண்டு, எழுதாமலே விட்டவர்களும் உண்டு. ஸ்கேன் செய்துவிட்டுக் கழிப்பதும் அதே ஆடிப் பெருக்குதான், ஆறுதான் வேறு. கணினியை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு மின்வெட்டையும் கெட்டுப்போகும் வன்தட்டையும் எல்லோரும் சொல்வார்கள். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தனிக் காரணம் இருக்கிறது. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகக் கொட்டும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிய வேண்டும், அதற்கும் முன்னால் அது குப்பை அல்ல, தமிழ்தான் என்று யாருக்காவது தோன்ற வேண்டும். தமிழே படிக்காத உங்கள் மகனுக்கு எப்படித் தோன்றும்? அதே பக்கம் அச்சில் இருந்தால், படிக்கத் தெரியாவிட்டாலும் இது தமிழ், யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்பதாவது தெரியும். அப்பாவின் கணினியில் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அவற்றை அச்சடித்துவிடுங்கள்.

இனி என் சூடு. 1990களின் கடைசியில் எங்கள் குடும்ப வரலாற்றை அறுபது பக்கத்தில் தொகுத்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்து, நானே தைத்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். பைண்டிங் அருமையாக இருந்தது. ஆவணத்தில் கண்டதைக் கறுப்பிலும், ஆயா (எங்கள் பாட்டி) சொன்னதையும் நானாக ஊகித்ததையும் சிவப்பிலும் அடித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு எண்ணம். பெரியப்பா மகன் தன் பிள்ளைகளுக்காக அதைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தான். சிவப்பெல்லாம் கறுப்பாகிவிட்டது. என் ஊகமெல்லாம் உண்மையாகிவிட்டது. அவன் மகள் அதை நம்பித் தமிழ்நாட்டுக்குப் பயணம் போய், வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று நாள் எங்கள் பங்காளிகளைத் தேடியிருக்கிறாள். நான் 'இருக்கலாம்' என்று சிவப்பில் போட்ட ஊர் அது. அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. என் கையில் இருந்த மூலப் பிரதியிலோ பத்து ஆண்டில் சிவப்பு வெளிறி, இளஞ்சிவப்பாகி, சில இடங்களில் படிக்கவே முடியாமல் போனது. ஆக ஒரு பிரதியில் சந்தேகம் உறுதியாகிவிட்டது, இன்னொன்றில் அழிந்தே போய்விட்டது.

அதனால் சந்தேகத்தைச் சொல்லால் எழுதுங்கள். நிறம், சாய்வெழுத்து, நட்சத்திரக் குறி எதுவும் வேண்டாம். நகலிலும் மறு தட்டச்சிலும் முதலில் தொலைவது அவைதான். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே, அடிக்குறிப்பிலோ கடைசிப் பக்கத்திலோ அல்ல, அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள். நான் இப்போது மூன்றே சொல் வைத்திருக்கிறேன்: ஆவணம், வாய்மொழி, ஊகம். ஆவணம் என்றால் எந்த ஆவணம், எங்கே பார்த்தது, மூலத்தையா நகலையா. வாய்மொழி என்றால் யார் சொன்னது, எந்த ஆண்டில், அப்போது அவருக்கு என்ன வயது. ஊகம் என்றால் எதை வைத்து ஊகித்தோம். "ஆயா 1978இல் சொன்னார், அவர் நேரில் கண்டதல்ல, அவர் மாமியார் சொல்லக் கேட்டது" என்று ஒரு வரி சேர்த்தால் புத்தகம் தடிக்கும். தடிக்கட்டும்.

எதை ஆவணம் என்று நம்பலாம் என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 152,184 பேர். இவர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி–லுத்துலி ஆவண நடுவத்தில் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். இதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது எண்தான். முனுசாமிகள் ஏராளம், எண் இல்லாத முனுசாமி யாருடைய தாத்தாவாகவும் ஆகலாம். நீங்கள் அச்சடிக்கும் பக்கத்தில் அந்த எண் பெயருக்கு மேலேயே நிற்கட்டும். வயதை அவ்வளவு நம்ப வேண்டாம். பிறந்த தேதி தெரியாதவர்களைப் பார்த்து எழுத்தர் மதிப்பாகப் போட்டதே அதிகம். ஊர்ப் பெயரும் அப்படித்தான், கிராமத்தான் சொன்னதை அவர் காதில் விழுந்தபடி எழுதியது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வணிகம் செய்ய வந்தவர்கள் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா பட்டியலில் இல்லை என்றால் அவர் வரவே இல்லை என்று ஆகாது.

கல்யாணத் தேதியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பால் கிறித்தவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்கள் சட்டத்துக்கு முன் கேள்விக்குள்ளாயின. காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம். தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் உயிரை விட்டது அந்தப் போராட்டத்தில்தான். 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், முன்பே வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தவர்கள் கல்யாணத்தைப் பதிந்துகொள்ள வழி செய்தது. ஆகவே மூத்த பிள்ளை பிறந்த பிறகு ஒரு கல்யாணத் தேதி தென்பட்டால் முகம் சுளிக்காதீர்கள். அது பதிவு செய்த நாளாக இருக்கலாம், தாலி கட்டிய நாள் வேறாக இருக்கலாம். அச்சில் 'பதிவு' என்று போடுங்கள், 'திருமணம்' என்று போடாதீர்கள்.

பெயரை ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒரு முறை, தமிழில் ஒரு முறை என இரண்டும் அச்சிடுங்கள். மூன்சாமி என்று பதிவானவர் முனுசாமி, கூப்பூசாமி என்பவர் குப்புசாமி என்பது உங்களுக்குத் தெரியும்; உங்கள் பேத்திக்குத் தெரியாது. திருத்தி எழுதிவிட்டால் அடுத்தவர் காப்பகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பதும் இங்கே சாதாரணம். ஒருவர் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று ஏதாவது ஒன்றைப் பின்னால் சேர்த்திருப்பார். கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்துக்கும் இன்றைய குடும்பப் பெயருக்கும் பொருந்தாமல் போனால், சங்கடப்பட்டுக்கொண்டு எதையும் விட்டுவிடாதீர்கள். உள்ளது உள்ளபடி அச்சாகட்டும்.

முறைப்பெயர்கள் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். போடுங்கள். ஆனால் மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரையும் 'அங்கிள்' ஆக்கிவிட்டால் ஆராய்ச்சியில் பாதி கரைந்துவிடும். 'எங்களை மாமா கூட்டிக்கொண்டு வந்தார்' என்று ஆயா சொன்னால் அது அம்மாவோடு பிறந்தவரா, அத்தை புருஷனா, மாமனாரா என்று நாம் தேட ஒரு எல்லை இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த எல்லையே கிடையாது. எனவே ஆங்கிலப் பக்கத்திலும் முறைப்பெயரைத் தமிழிலேயே வைத்து, முதல் பக்கத்தில் ஒரு சிறு அகராதி கொடுங்கள். அடுத்த சிக்கல் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும். வம்சாவளி மென்பொருள்கள் மரம் கிளைத்துக்கொண்டே போகும் என்று நினைப்பவை. நம் மரத்தில் கிளை திரும்பி வந்து அடிமரத்திலேயே ஒட்டும். மென்பொருள் அச்சடித்துத் தரும் படத்தில் ஒரே பெண் மகளாக ஓரிடத்திலும் மனைவியாக இன்னோரிடத்திலும் இரண்டு ஆளாக நிற்பாள். படத்தைப் பெரிய தாளில் அடித்துச் சுவரில் மாட்டுவது கண்ணுக்கு அழகு. காப்பாற்றப்பட வேண்டிய பிரதி அதுவல்ல. ஆளுக்கு ஒரு பத்தியாக வரிசை எண் போட்டு எழுதுங்கள்.

எண் போட இந்த நாட்டிலேயே ஒரு முறை இருக்கிறது, டி வில்லியர்ஸ்–பாமா முறை என்பார்கள். இங்கே வந்திறங்கிய மூதாதை 'ஏ', அவர் பிள்ளைகள் 'பி1', 'பி2', பேரப்பிள்ளைகள் 'சி1', 'சி2' என்று தலைமுறைக்கு ஓர் எழுத்து. கேப்பில் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காக உண்டானது. ஆனால் 'கப்பலில் வந்தவர்தான் முதல்' என்ற கணக்கு நமக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. அக்கா பி1, அவளுடைய இரண்டாவது பிள்ளையான மகள் பி1சி2, அந்த மகளைக் கட்டியவர் பி4 என்றால், மகளின் விவரம் முழுவதும் பி1சி2இல் மட்டும் இருக்கட்டும், பி4இல் 'மனைவி: பி1சி2ஐப் பார்க்க' என்று போதும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் ஓரிடத்தில் மட்டும் திருத்துவோம். பிறகு எது சரி என்று யாருக்கும் தெரியாது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தாள்: 'ஐஎஸ்ஓ 9706' என்று குறித்திருந்தால், அல்லது வட்டத்துக்குள் முடிவிலிக் குறி இருந்தால், அது அமிலம் இல்லாத நீடித்த தாள். கிடைக்காவிட்டால் வேலையை நிறுத்த வேண்டாம். இன்று கடையில் விற்கும் நல்ல வெள்ளை நகல் தாள் பெரும்பாலும் காரத் தன்மையுள்ளதுதான். அப்பா பெட்டியில் இருக்கும் 1960களின் தாளைவிட நெடுநாள் உழைக்கும். பத்திரிகைத் தாளும் மறுசுழற்சித் தாளும் மட்டும் கூடாது. மை: லேசர் பிரிண்டரில் கறுப்பில் அடியுங்கள். கறுப்பு டோனரின் நிறம் கரியிலிருந்து வருவது, வெளிச்சத்தில் வெளிறாது. அதன் குறை என்னவென்றால் அது தாளுக்குள் ஊறாமல் மேலே உருகி ஒட்டியிருக்கிறது. மடித்தால் மடிப்பில் உதிரும், மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் உறையோடு ஒட்டிக்கொண்டு வரும். எனவே மடிக்க வேண்டாம், பிவிசி உறை வேண்டாம். உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன். இங்க்ஜெட் மைகளுக்கு 'நூறாண்டு தாங்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பது ஆய்வகத்தில் வெளிச்சத்தையும் சூட்டையும் கூட்டி வைத்துக் கணக்கிட்டது. யாரும் நூறாண்டு காத்திருந்து பார்த்ததல்ல.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்த விடுதலைச் சீட்டை லேமினேட் செய்து பெருமையாகக் கொண்டுவந்து காட்டுபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலத் தாள் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே பழுத்துப் பொடியும். செலோடேப்பும் அப்படித்தான், பசை காய்ந்து பழுப்புக் கறை நிற்கும். டர்பன் ஈரக்காற்றில் ஸ்டேப்ளர் பின், குண்டூசி, சுருள் கம்பி எல்லாம் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். இடது ஓரத்தில் மூன்று துளை போட்டு லினன் நூலால் தைப்பது ஒரு மணி நேர வேலை, யாரும் கற்றுக்கொள்ளலாம். தையல் பக்கம் மூன்று சென்டிமீட்டர் ஓரம் விடுங்கள். புகைப்படத்தின் பின்னால் மென்பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை ஊறி முன்பக்கம் வரும்.

எங்கே வைப்பது? கராஜிலும் கூரைக்கடியிலும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வேண்டாம். அங்கே ஓதம் ஏறும். ஃப்ளாட்டில் உள் சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை வரும். இந்தக் கடற்கரையின் கோடையில் தாண்டாத நாள்தான் குறைவு. ஆகவே இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பெட்டியைவிடக் காற்றுப் போகும் அட்டைப் பெட்டி நல்லது. வெள்ளிப்பூச்சிக்கும் அதே ஈரம்தான் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு நம்மிடம் சரஸ்வதி பூஜை இருக்கிறது. சந்தனமும் குங்குமமும் பெட்டிக்கு வையுங்கள், தாளுக்கு வேண்டாம். எத்தனை பழைய புத்தகங்களில் அந்தப் பொட்டின் எண்ணெயை எடுக்க முடியாமல் நான் விட்டிருக்கிறேன்!

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டவர்களில் பலர் நனைந்த தாள்களை வெயிலில் பரப்பிவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். வெயிலில் தாள் முறுக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டும். பூஞ்சை கிளம்ப இரண்டு நாள் போதும். அதற்குள் பிரித்து உலர்த்த ஆள் இல்லையென்றால், கற்றையாகவே மெழுகுத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சமோசாவுக்குப் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. உறைந்த தாளில் பூஞ்சை வளராது; ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம்.

ஆனால் பெட்டி எவ்வளவு நல்லதானாலும் ஒரே பெட்டி ஒரே பெட்டிதான். பத்துப் பிரதி அடித்து வெவ்வேறு ஊரில் இருக்கும் வீடுகளுக்குக் கொடுங்கள். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் சொந்தமெல்லாம் கூடுமல்லவா, அங்கே கொடுத்தால் தபால் செலவும் மிச்சம். கடைசிப் பக்கத்தில் எந்தப் பிரதி யாரிடம் என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குடும்பப் பெயர், அச்சிட்ட மாதம், மொத்தப் பக்கத்தில் எத்தனையாவது என்று மூன்றும் இருக்கட்டும். தனியாக உதிர்ந்த தாள் தன் வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும். உயிரோடு இருப்பவர்களின் அடையாள எண்ணை அச்சிடவே கூடாது. அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, மீதியை வைத்து மோசடி செய்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள்வதைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுக்கவில்லை. நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் உயிரோடு இருப்பவர்களை நீக்கிய தனிப் பிரதி கொடுங்கள். புத்தகமாகவே வெளியிட நினைத்தால் சட்டப்படி பிரதி சேர வேண்டிய நூலகங்கள் உண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்கின் முசுண்டூசி நூலகம் அதில் ஒன்று; வக்கீல் நுணுக்கத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், நான் தாள்காரன்.

முடிந்த பிறகு அடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். தெரிந்த வரைக்கும் இந்த ஆண்டே அடித்து, தேதி போடுங்கள். திருத்தங்களைப் பிரதி வைத்திருப்பவர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதட்டும். மூன்று பெட்டியை அப்படியே ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. காப்பகங்களில் எடுத்த நகல்களில், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பை அச்சுப் பிரதியில் ஏற்றிய பிறகு, மறுபடி கேட்டால் கிடைக்கக்கூடியவற்றைக் கழிக்கலாம். அசல் சீட்டுகள், கடிதங்கள், படங்கள், அப்பா கையால் எழுதிய நோட்டுகள் ஆகியவற்றைக் கழிக்கக் கூடாது. ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்த நோட்டுகளைத் தட்டச்சு செய்யும்போது ஓரத்தில் அவர் கேள்விக்குறி போட்டிருக்கும் இடங்களைக் கவனியுங்கள். அந்த இடத்தில் 'அப்பாவுக்கு இதில் சந்தேகம் இருந்தது' என்று எழுத்தால் எழுதுங்கள்.